சாக்கெட்டை எண்ணால் எடுப்பதா, பெயரால் எடுப்பதா?

லினக்ஸில் பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒன்றுடன் பிற நிரல்கள் பேச ஒரு சாக்கெட் வேண்டும். அதைச் சர்வீஸே திறந்துகொள்ளலாம். அல்லது சர்வீஸ்களைக் கிளப்பிக் கவனிக்கும் நிரலான சிஸ்டம்டி முன்கூட்டியே திறந்து வைத்திருந்து, சர்வீஸ் கிளம்பும் நேரத்தில் கையில் கொடுக்கலாம். இந்த இரண்டில் எது நல்லது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இரண்டாவது வழியைத் தேர்ந்த பிறகு வரும் கேள்வியைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை: மூன்று சாக்கெட் ஒன்றாக வந்து விழுந்தால், எது எதற்கு என்று நிரலுக்கு எப்படித் தெரியும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சாக்கெட் என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. அது வந்து சேரும் எண்ணை வைத்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். இரண்டோ அதற்கு மேலோ இருந்து, அவற்றில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கூடுதல் அதிகாரம் இருந்தால், பெயர் வைத்து எடுப்பது தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வசதிக்காக இல்லை, பாதுகாப்புக்காக.

பேச்சுக்கு ஒரு டீமனை, அதாவது பின்னணியில் ஓடும் நிரலை, எடுத்துக்கொள்வோம். டாக்ஸ்டி என்று பெயர் இருக்கட்டும். ஆவணங்களைச் சேமித்துக் கேட்டவர்களுக்குக் கொடுக்கும் வேலை. அதற்கு மூன்று சாக்கெட்டுகள்: பொதுமக்களுக்கு 443-ஆம் போர்ட், கண்காணிப்பு எண்களைத் தர 9100-ஆம் போர்ட், நிர்வாகக் கட்டளைகளுக்கு, அதே கணினிக்குள் ஒரு கோப்புப் பாதை வழியாகப் பேசும் ஒரு யூனிக்ஸ் சாக்கெட். கடைசியாகச் சொன்ன சாக்கெட்டில் கடவுச்சொல் கிடையாது. கோப்பு அனுமதிதான் காவல்.

நிரலே திறந்துகொள்வது

இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கட்டமைப்புக் கோப்பில் போர்ட் எண்ணை எழுதுகிறோம், நிரல் படித்துத் திறக்கிறது. எது எதற்கு என்ற குழப்பமே எழாது, ஏனென்றால் திறந்தவருக்கே தெரியும். எந்த இயக்குதளத்திலும் ஓடும். சிஸ்டம்டி இல்லாத கன்டெய்னரிலும் ஓடும்.

முன்பு இதற்கு எதிராகச் சொல்லப்பட்ட பெரிய காரணம் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகள். அவற்றைத் திறக்க ரூட்டாகக் கிளம்ப வேண்டும், பிறகு அதிகாரத்தை உதற வேண்டும். இன்று அது அவ்வளவு வலுவான காரணமில்லை. ஒரு சர்வீஸையோ சாக்கெட்டையோ சிஸ்டம்டிக்கு விவரிக்கும் யூனிட் கோப்பிலேயே அந்த ஒரு அதிகாரத்தை மட்டும் கொடுக்க முடியும். கர்னல் 4.11-இல் இருந்து, எந்த எண்ணுக்குக் கீழே அதிகாரம் தேவை என்ற எல்லையையே சிஸ்கன்ட்ரோல் எனப்படும் கர்னல் அமைப்பு ஒன்றால் மாற்றிவிடலாம்.

மிஞ்சுவது மறுதொடக்க இடைவெளி. நிரல் நின்று மறுபடி எழும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வரும் இணைப்புகள் மறுக்கப்படும். சாக்கெட் சிஸ்டம்டி வசம் இருந்தால் அவை கர்னலின் வரிசையில் காத்திருக்கும். அந்த வரிசையின் உச்சவரம்பு நீண்ட காலம் 128 ஆக இருந்தது, கர்னல் 5.4-இல் 4096 ஆக உயர்த்தினார்கள். நடுத்தரப் போக்குவரத்துள்ள சர்வீஸ் ஒன்றை ஓரிரு நொடிகளில் மறுதொடக்கம் செய்ய அது தாராளம்.

இன்னொரு லாபம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. சாக்கெட் கையில் வருகிறது என்றால், நிரலுக்கு வலையமைப்பே தேவையில்லை. ப்ரைவேட்நெட்வொர்க் என்ற அமைப்பை இயக்கி, லூப்பேக் தவிர வேறெதுவும் இல்லாத தனி வலைவெளியில் சர்வீஸை அடைத்துவிடலாம். ஆனாலும் வந்த சாக்கெட் வேலை செய்யும், ஏனென்றால் அது பிறந்த வலைவெளிக்கே அது சொந்தம். உள்ளே புகுந்தவன் வெளியே ஒரு இணைப்புகூட ஏற்படுத்த முடியாது. வருகிற விருந்தாளிக்கு மட்டும் பதில் சொல்லலாம். முகவரிக் குடும்பங்களைத் தடுக்கும் அமைப்பும் அப்படியே: அது புதிதாகச் சாக்கெட் உருவாக்குவதை மட்டும்தான் தடுக்கிறது, வெளியிலிருந்து வந்ததைத் தொடாது. என்னைக் கேட்டால், சாக்கெட்டைச் சிஸ்டம்டியிடம் விடுவதற்கு இன்றைய முதல் காரணம் இதுதான். தேவைப்படும்போது மட்டும் சர்வீஸைக் கிளப்பும் சோம்பல் தொடக்கம் அல்ல.

ஐநெட்டிடி பாணி

1986-இல் வந்த 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் காலத்தில், இணைப்புக்காகக் காத்திருந்து நிரல்களைக் கிளப்பிய ஐநெட்டிடி டீமனின் பழக்கம். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ப்ராசஸ். இணைப்பு நேராக 0, 1 என்ற டிஸ்கிரிப்டர்களில் (ஒரு ப்ராசஸ் தான் திறந்து வைத்திருப்பவற்றைக் குறிக்கும் எண்கள்) வந்துவிடும். சிஸ்டம்டியில் சாக்கெட் யூனிட்டில் அக்செப்ட் என்பதை ஆம் என்றும், சர்வீஸில் ஸ்டாண்டர்ட்இன்புட் என்பதைச் சாக்கெட் என்றும் வைத்தால் இதே நடத்தை. ஷெல் ஸ்கிரிப்ட்டைக்கூடச் சர்வீஸ் ஆக்கிவிடலாம் என்பது அழகுதான். ஆனால் ஒரு ப்ராசஸுக்கு ஒரு இணைப்பே வருவதால் எது எது என்ற கேள்வி இங்கே இல்லை. டாக்ஸ்டி மாதிரி நினைவகத்தில் நிலையை வைத்திருக்கும் டீமனுக்கு இது ஒத்துவராது. கடந்துபோவோம்.

சாக்கெட் கைமாறுவது எப்படி

இனி வரும் மூன்று வழிகளும் ஒரே நெறிமுறையின் மேல் நிற்பவை. அது வியக்கத்தக்க அளவு சின்னது. சிஸ்டம்டி சர்வீஸைக் கிளப்பும்போது திறந்த சாக்கெட்டுகளை 3-ஆம் டிஸ்கிரிப்டரில் இருந்து வரிசையாக அடுக்குகிறது. 0, 1, 2 வழக்கமான உள்ளீடு, வெளியீடு, பிழை. கூடவே சூழல் மாறிகள்: லிசன்_எஃப்டிஎஸ் எத்தனை என்று சொல்லும், லிசன்_பிஐடி எந்த ப்ராசஸ் எண்ணுக்காக என்று சொல்லும், லிசன்_எஃப்டிநேம்ஸ் ஒவ்வொன்றின் பெயரையும் கோலன் போட்டுப் பிரித்து வரிசையாகச் சொல்லும். அவ்வளவுதான்.

டாக்ஸ்டிக்கு மூன்றும் வந்தால் எண்ணிக்கை 3 என்றும், பெயர் மாறியில் "வெப்:மெட்ரிக்ஸ்:அட்மின்" என்றும் இருக்கும். மூன்றாவது டிஸ்கிரிப்டர் வெப், நான்காவது மெட்ரிக்ஸ், ஐந்தாவது அட்மின். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்கு என்ன வந்தது என்று பார்க்க, ப்ராக் அடைவில் அதன் எண்ணுக்குக் கீழே உள்ள என்விரான் கோப்பைத் திறந்தால் போதும். சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பதிவேட்டைத் துழாவுவதைவிட வேகம்.

எண்ணை நம்புவது

மூன்று முதல் சாக்கெட், நான்கு அடுத்தது என்று நிரலில் எழுதிவிடுவது. இதைக் கேலி செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: எல்லாச் சாக்கெட்டும் ஒரே யூனிட் கோப்பில் இருந்தால் வரிசை உறுதி. கேட்க வேண்டிய முகவரியைச் சொல்லும் லிசன்ஸ்ட்ரீம் வரிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அதே வரிசையில்தான் வரும். ஒன்றைத் திறக்க முடியாமல் போனால் அந்த யூனிட்டே தோற்றுவிடும், ஆகவே பாதி வந்து பாதி வராத நிலையும் இல்லை. கூடுதல் துணைக்கோப்பில் ஒருவர் இன்னொரு லிசன்ஸ்ட்ரீம் சேர்த்தால் அது கடைசியில்தான் போய்ச் சேரும். மூலக் கோப்பின் நடுவில் யாராவது ஒரு வரியைச் செருகினால்தான் கதை மாறும்.

அப்படியானால் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு எண்ணையே நம்பிவிடலாமே? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு சாக்கெட் யூனிட்டில் உள்ள அமைப்புகள் அதிலுள்ள எல்லாச் சாக்கெட்டுக்கும் பொது. சாக்கெட்மோட் ஒன்றுதான், சாக்கெட்டின் உரிமையாளரும் குழுவும் ஒன்றுதான். இந்தச் சாக்கெட்மோடின் இயல்பு மதிப்பு 0666 என்பதைக் கவனியுங்கள். ஒன்றும் எழுதாமல் விட்டால் கணினியில் உள்ள எந்தப் பயனரும் நிர்வாகச் சாக்கெட்டில் எழுதலாம். ஆகவே அதை 0660 ஆக்கி ஒரு குழுவுக்குக் கொடுப்பீர்கள். நாளைக்கு அதே டீமனுக்கு எல்லோரும் பேசக்கூடிய இன்னொரு யூனிக்ஸ் சாக்கெட் வேண்டும் என்றால் ஒரே கோப்பில் இரண்டு அனுமதி வைக்க முடியாது. நிர்வாகச் சாக்கெட்டை மட்டும் தற்காலிகமாக மூடி வைக்கவும் முடியாது. மூடினால் 443-உம் சேர்ந்து மூடும். எனவே கோப்பைப் பிரிக்கிறீர்கள்.

பிரித்த கணமே வரிசை உத்தரவாதம் போய்விடுகிறது. பல யூனிட்டுகளிலிருந்து வரும் சாக்கெட்டுகள் எந்த வரிசையில் அடுக்கப்படும் என்பதற்குச் சிஸ்டம்டி எந்த வாக்குறுதியும் தருவதில்லை. இன்று ஒரு வரிசையில் வந்தது என்றால் நாளையும் அப்படியே வரும் என்று கொள்ள முடியாது.

இதைவிட மோசமானது, ஒன்று வராமலே போவது. டாக்ஸ்டியின் நிரலில் 3 அட்மின், 4 மெட்ரிக்ஸ், 5 வெப் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய சர்வர் ஒன்றில் நிறுவுகிறீர்கள். நிர்வாகச் சாக்கெட்டின் குழுவாக எழுதிய பெயரில் அந்தக் கணினியில் இன்னும் குழுவே உருவாக்கப்படவில்லை. அந்த யூனிட் தோற்றுவிடுகிறது. மற்ற இரண்டும் நன்றாகக் கிளம்பிவிட்டன. 443-இல் முதல் விருந்தாளி வந்ததும் சிஸ்டம்டி சர்வீஸை எழுப்பி, திறந்திருக்கும் இரண்டை மட்டும் கொடுக்கிறது. இப்போது 3-ஆம் டிஸ்கிரிப்டரில் இருப்பது மெட்ரிக்ஸ் போர்ட்டோ 443-ஓ. நிரல் அதை அட்மின் என்று நினைத்து, கடவுச்சொல் கேட்காமல் நிர்வாகக் கட்டளைகளை ஏற்கத் தொடங்குகிறது. டிசிபி போர்ட்டில். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

எண்ணிக்கையைச் சரிபார்த்தால் இது பிடிபடும் என்பது உண்மை. மூன்று வராவிட்டால் கிளம்பாதே என்று எழுதலாம். ஆனால் மூன்றும் வந்து வரிசை மட்டும் மாறியிருந்தால் எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. சர்வீஸ் யூனிட்டில் சாக்கெட்ஸ் என்ற வரியில் மூன்றையும் பட்டியலிட்டாலும் போதாது. அது தரும் சார்பு "வேண்டும்" என்ற அளவில்தான், "இல்லாமல் முடியாது" என்ற அளவில் இல்லை. சாக்கெட் தோற்றாலும் சர்வீஸ் கிளம்பும். கட்டாயமாக்க ரிக்வயர்ஸ் என்று தனியாக எழுத வேண்டும். எழுதுங்கள். ஆனால் வரிசைப் பிரச்சினையை அதுவும் தீர்க்காது.

கர்னலிடம் கேட்டுப் பார்ப்பது

வந்த ஒவ்வொரு டிஸ்கிரிப்டரையும் பிடித்து "நீ யார்" என்று விசாரிப்பது இன்னொரு வழி. யூனிக்ஸ் சாக்கெட்டா, ஐபி சாக்கெட்டா, ஸ்ட்ரீமா டேட்டாகிராமா, எந்தப் பாதையில் கட்டப்பட்டது, எந்தப் போர்ட். சிஸ்டம்டியின் நூலகத்தில் இதற்கென்றே எஸ்டி_ஈஸ்_சாக்கெட் என்று தொடங்கும் செயற்கூறுகள் உண்டு. பெயர் வசதி வருவதற்கு முன்பு இதுதான் மரியாதையான வழி. சிஸ்டம்டியின் சொந்தப் பதிவுச் சர்வீஸான ஜர்னல்டி இப்படித்தான் எழுதப்பட்டது: வந்ததில் எது எந்தப் பாதையில் கட்டப்பட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் சாக்கெட்டுகளை அடையாளம் காணும்; கர்னலோடு பேசப் பயன்படும் நெட்லிங்க் வகை என்றால் அது கர்னலின் தணிக்கைச் சாக்கெட்.

ஜர்னல்டிக்கு இது பொருந்துவதற்குக் காரணம், அதன் பாதைகள் மாறாதவை. அவை கிட்டத்தட்ட நெறிமுறையின் பகுதி. டாக்ஸ்டிக்கு அப்படியில்லை. 443, 9100 இரண்டுமே டிசிபி ஸ்ட்ரீம். வேறுபடுத்த வேண்டுமானால் போர்ட் எண்ணை நிரலுக்கும் சொல்லியாக வேண்டும். அப்போது போர்ட் எண் இரண்டு இடத்தில் வாழும்: சாக்கெட் யூனிட்டில் ஒன்று, நிரலின் கட்டமைப்பில் இன்னொன்று. நிர்வாகி ஒன்றை மாற்றி மற்றதை மறப்பார். சாக்கெட்டைச் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்ததே முகவரி விவகாரத்தை நிரலிலிருந்து எடுத்துவிடத்தானே?

ஆனாலும் இதை முழுக்கத் தூக்கிப் போட வேண்டாம். பெயர் வழியோடு சேர்த்துப் பயன்படுத்தினால் நல்ல இரண்டாம் காவல்.

பெயரால் எடுப்பது

2015 அக்டோபரில் வந்த சிஸ்டம்டி 227 முதல் சாக்கெட் யூனிட்டில் ஃபைல்டிஸ்கிரிப்டர்நேம் என்று ஒரு வரி எழுதலாம். அங்கே கொடுக்கும் பெயர்தான் லிசன்_எஃப்டிநேம்ஸ் மாறியில் வந்து சேரும். ஆஸ்கி எழுத்துகள் மட்டும், 255-க்குள், கோலன் கூடாது. பிரிப்பானே அதுதான் என்பதால். டாக்ஸ்டிக்கு மூன்று யூனிட் கோப்புகள், ஒவ்வொன்றிலும் சர்வீஸ் என்ற வரியில் அதே டாக்ஸ்டி சர்வீஸைச் சுட்டுகிறோம், பெயர் வரியில் வெப், மெட்ரிக்ஸ், அட்மின். நிரல் பெயரைப் பார்த்து எடுக்கும். எந்த வரிசையில் வந்தாலும் கவலையில்லை. அட்மின் வராவிட்டால் அட்மின் வரவில்லை என்று தெளிவாகத் தெரியும்.

பெயர் வரியை எழுதாமல் விட்டாலும் பெயர் உண்டு: யூனிட் கோப்பின் முழுப் பெயர், கடைசியில் உள்ள .சாக்கெட் உட்பட. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் திட்டம் இதையே பயன்படுத்துகிறது. அதன் டீமனுக்கு முழு அதிகாரம், படிக்க மட்டும், நிர்வாகம், டிசிபி, டிஎல்எஸ் என்று ஐந்து சாக்கெட் யூனிட்டுகள் வரை இருக்கலாம். யூனிட்டின் பெயரை வைத்தே எது எது என்று பிரிக்கிறது. பெயர் மாறி வராத பழைய சிஸ்டம்டியில் பாதையையும் போர்ட்டையும் பார்த்து முடிவுசெய்யும் மாற்று வழியையும் வைத்திருக்கிறார்கள். சென்ட்ஓஎஸ் 7 சிஸ்டம்டி 219-உடன் வந்தது என்பதை நினைத்தால் ஏன் என்று புரியும். இன்று புதிதாக எழுதுபவருக்கு அந்தச் சுமை வேண்டியதில்லை.

இயல்புப் பெயரை நம்பலாமா? நான் நம்ப மாட்டேன். யூனிட் கோப்பின் பெயர் பொதி செய்பவர்களின் கையில் இருக்கிறது. ஒரு விநியோகத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். டெம்ப்ளேட் யூனிட்டாக ஆக்கினால் ஒவ்வொரு பிரதிக்கும் பெயர் மாறும். நிரல் எந்தப் பெயரை எதிர்பார்க்கிறது என்பது நிரலின் ஒப்பந்தம். அதைக் கோப்புப் பெயரோடு முடிச்சுப் போடுவது தேவையற்ற வம்பு. ஒரு வரிதான், எழுதிவிடுங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: பெயர் தனித்துவமானது இல்லை. ஒரே யூனிட்டில் இரண்டு லிசன்ஸ்ட்ரீம் இருந்தால், உதாரணமாக ஒரு ஐபிவி4 முகவரியும் ஒரு ஐபிவி6 முகவரியும், இரண்டும் வெப் என்ற ஒரே பெயரில் வரும். மாறியில் "வெப்:வெப்:அட்மின்" என்று இருக்கும். பெயருக்கு ஒரு டிஸ்கிரிப்டர் என்று அகராதியில் போட்டு வைக்கும் நிரல், முதல் வெப்பை இரண்டாவதால் மேலெழுதிவிடும். முதல் சாக்கெட் திறந்தே இருக்கும், கர்னல் இணைப்புகளை வரிசையில் சேர்த்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இணைப்பு கிடைத்துவிட்டது, பதில் மட்டும் வருவதில்லை. ஆகவே பெயருக்கு ஒரு பட்டியல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோ மொழியில் கோர்ஓஎஸ் நூலகத்தின் லிசனர்ஸ்வித்நேம்ஸ் அப்படித்தான் திருப்பித் தருகிறது: ஒரு பெயருக்கு எதிரே லிசனர்களின் வரிசை.

அடுத்து, தெரியாத பெயர் வந்தால் என்ன செய்வது? பலரும் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு மேலே போகிறார்கள். நிறுத்திவிடுவதே சரி என்பது என் நிலைப்பாடு. அட்மின் என்பதை யாரோ எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தச் சாக்கெட் கேட்பாரற்றுத் திறந்து கிடக்கிறது. உடனே வெளியேறினால் நிறுவும்போதே தெரியும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: இப்படி வெளியேறும் சர்வீஸைச் சிஸ்டம்டி மறுபடி மறுபடி எழுப்பிப் பார்க்கும். தொடக்க வரம்பைத் தொட்டதும் சாக்கெட் யூனிட்டையும் தோல்வி நிலைக்குத் தள்ளிவிடும். சரிசெய்த பிறகு சர்வீஸை மட்டும் கிளப்பினால் போதாது, சாக்கெட்டுகளையும் எழுப்ப வேண்டும்.

பெயர் சரியாக இருந்தும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். அட்மின் என்ற பெயரில் யாரோ ஒரு டிசிபி போர்ட்டை எழுதி வைத்தால்? அதற்குத்தான் முன்பு சொன்ன இரண்டாம் காவல்: அட்மின் என்று வந்தது யூனிக்ஸ் சாக்கெட்தானா என்று ஒரு சோதனை. போர்ட் எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம், வகை மட்டும் போதும்.

இடையில் நிற்கும் ஷெல்

எண்ணோ பெயரோ, எந்த வழியைத் தேர்ந்தாலும் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. சர்வீஸ் நேரடியாக நிரலைக் கிளப்பாமல் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகக் கிளப்புகிறது. ஸ்கிரிப்ட் இரண்டு மாறிகளை அமைத்துவிட்டுக் கடைசி வரியில் நிரலை அழைக்கிறது. டிஸ்கிரிப்டர்கள் பத்திரமாக நிரலுக்குப் போய்ச் சேரும், மாறிகளும் போய்ச் சேரும். ஆனால் லிசன்_பிஐடியில் இருப்பது ஷெல்லின் எண். நிரல் ஷெல்லின் குழந்தை, வேறு எண். நூலகம் ஒப்பிட்டுப் பார்த்து, "இது எனக்கு வந்ததில்லை" என்று பூஜ்யம் திருப்பும். அது பிழையும் இல்லை; எண்ணிக்கை பூஜ்யம், அவ்வளவுதான். தீர்வு ஸ்கிரிப்ட்டின் கடைசி வரிக்கு முன்னால் எக்ஸெக் என்ற ஒரு சொல். அப்போது ஷெல் இருந்த இடத்திலேயே நிரல் வந்து உட்காரும், எண் மாறாது.

இந்தச் சோதனையைத் தொந்தரவு என்று நீக்கிவிடுபவர்கள் உண்டு. வேண்டாம். டீமன் கிளப்பும் துணை ப்ராசஸ்களுக்கும் மாறிகள் மரபாகப் போகும். அவையும் இந்த நெறிமுறை தெரிந்தவையாக இருந்தால் தம்முடையது அல்லாத டிஸ்கிரிப்டர்களில் கை வைக்கும். படித்து முடித்ததும் மாறிகளை அழிப்பதும், டிஸ்கிரிப்டர்களில் எக்ஸெக்கில் மூடும் கொடியை ஏற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான். நூலகச் செயற்கூறு கொடியைத் தானே ஏற்றிவிடும், மாறிகளை அழிக்க நீங்கள் கேட்க வேண்டும்.

நூலகமா, சொந்தமாக எழுதுவதா

முப்பது, நாற்பது வரிகளில் முடியும் வேலைக்கு சிஸ்டம்டியின் நூலகமான லிப்சிஸ்டம்டி முழுவதையும் இணைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 2024 மார்ச்சுக்குப் பிறகு பதில் மாறிவிட்டது. எக்ஸ்இசட் என்ற அமுக்கக் கருவிக்குள் பின்கதவு வைக்கப்பட்ட விவகாரத்தில், சில விநியோகங்களின் தொலை உள்நுழைவுச் சர்வீஸான எஸ்எஸ்ஹெச்டிக்குள் அதன் நூலகமான லிப்எல்இசட்எம்ஏ நுழைந்த வழியே லிப்சிஸ்டம்டிதான். தயார் என்று அறிவிக்கும் ஒரு சின்னச் செயற்கூறுக்காக அதை இணைத்திருந்தார்கள். அதன்பின் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 அந்த அறிவிப்பைத் தன் குறிமுறையிலேயே எழுதிக்கொண்டது. சிஸ்டம்டியும் 256-இல் அமுக்க நூலகங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும்படி மாற்றிவிட்டது. ஆகவே இன்று இரண்டுமே நியாயமான தேர்வுதான். சொந்தமாக எழுதினால் மூன்றை மறக்காதீர்கள்: ப்ராசஸ் எண் ஒப்பீடு, பெயர்களின் எண்ணிக்கையும் டிஸ்கிரிப்டர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை, பெயர் மாறியே இல்லாத நிலை.

உங்கள் நிரல் இல்லை என்றால்

வேறொருவர் எழுதிய நிரல் என்றால் தேர்வு உங்கள் கையில் இல்லை. ஹெச்ஏப்ராக்ஸி, பைண்ட் வரியில் டிஸ்கிரிப்டர் எண்ணை எழுத அனுமதிக்கிறது. டாக்கர் டீமனும் எஃப்டி என்று தொடங்கும் முகவரியை ஏற்கிறது. எண்ணை மட்டும் புரிந்துகொள்ளும் இத்தகையவற்றுக்கு ஒரே யூனிட் கோப்பு, அதற்குள் உறுதியான வரிசை என்ற பழைய ஒழுக்கமே நல்லது. பிரிக்காதீர்கள்.

எதுவுமே தெரியாத நிரலுக்குச் சிஸ்டம்டியுடன் வரும் சாக்கெட்-ப்ராக்ஸிடி உண்டு. சாக்கெட்டைத் தான் வாங்கிக்கொண்டு, வந்ததையெல்லாம் உண்மையான சர்வீஸுக்குக் கடத்தும். விலை என்னவென்றால், உள்ளே இருக்கும் நிரலுக்கு வந்தவரின் உண்மையான முகவரி தெரியாது. எல்லாரும் ப்ராக்ஸியிலிருந்து வருவதாகவே தோன்றும். முகவரியை வைத்துத் தடுக்கும் நிரல் என்றால் இதை யோசிக்கவே வேண்டாம்.

பெயர் வைக்கும் யோசனை சிஸ்டம்டிக்கு மட்டும் உரியதல்ல. ஆப்பிள் கணினிகளில் இதே வேலையைச் செய்யும் லாஞ்ச்டியில் சாக்கெட்டுகளைப் பெயர் சொல்லித்தான் கேட்டு வாங்க வேண்டும். சர்வீஸ்களை நிர்வகிக்கும் இன்னொரு கருவித் தொகுப்பான எஸ்6 குடும்பத்தில் டிஸ்கிரிப்டர்களைப் பெயரோடு பிடித்து வைத்திருக்க ஒரு தனி டீமனே இருக்கிறது. சிஸ்டம்டியை விட்டு ஒருநாள் வெளியேறக்கூடும் என்று நினைப்பவருக்கும் பெயரால் எடுக்கும் நிரலைத்தான் இடம் மாற்றுவது சுலபம்.

சிஸ்டம்டிக்குள்ளேயே இருந்தாலும் இந்தப் பெயர் மாறியில் வருவது சாக்கெட் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. 253-இல் வந்த ஓப்பன்ஃபைல் என்ற அமைப்பு, சாதாரணக் கோப்புகளையும் திறந்து இதே வழியில் பெயரோடு அனுப்புகிறது. மறுதொடக்கத்தைத் தாண்டிப் பிழைக்க நிரல் சிஸ்டம்டியிடம் கொடுத்து வைக்கும் டிஸ்கிரிப்டர்களும் இதே மாறியில்தான் திரும்பி வரும். பெயர் எதுவும் கொடுக்காமல் வைத்தால் ஸ்டோர்ட் என்ற பெயரில். எண்ணை நம்பும் நிரலில் இவற்றில் எதைச் சேர்த்தாலும் எல்லாவற்றையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரை நம்பும் நிரலில் இன்னொரு பெயர் கூடும், அவ்வளவுதான்.

மாறும்போதும் சோதிக்கும்போதும்

ஏற்கெனவே எண்ணில் ஓடும் சர்வீஸைப் பெயருக்கு மாற்றுவது ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. முதலில் இருக்கும் ஒற்றை யூனிட்டில் பெயர் வரியைச் சேர்த்தால் பழைய நிரலுக்கு எந்த மாற்றமும் தெரியாது. பிறகு பெயரைப் படிக்கும் நிரலை வெளியிட்டு, அதன்பின் கோப்புகளைப் பிரிக்கலாம். சாக்கெட் யூனிட்டை மாற்றும்போது சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தால், சர்வீஸ் ஏற்கெனவே இயங்குகிறது என்று சொல்லிச் சாக்கெட்டைத் திறக்கச் சிஸ்டம்டி மறுத்துவிடும். முதலில் சர்வீஸை நிறுத்தி, சாக்கெட்டுகளை எழுப்பி, பிறகு சர்வீஸ். முகவரி மாறும் அந்த ஒரு முறை மட்டும் இடைவெளி தவிர்க்க முடியாதது.

மேம்பாட்டுக் கணினியில் சிஸ்டம்டி யூனிட் எழுதாமல் ஓட்ட வேண்டும் என்பதற்காக, சாக்கெட் எதுவும் வராவிட்டால் நிரலே திறந்துகொள்ளட்டும் என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு இது பிடிக்காது. மேலே சொன்ன ஷெல் சிக்கலில் மாட்டினால், நிரல் எந்தச் சத்தமும் இல்லாமல் தானே திறக்கப் போகும், ஏற்கெனவே சிஸ்டம்டி பிடித்திருக்கும் முகவரி என்பதால் "முகவரி பயன்பாட்டில் உள்ளது" என்று விழும், நீங்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். தானே திறப்பதற்குக் கட்டளை வரியில் வெளிப்படையாக ஒரு கொடி கேளுங்கள்.

அந்தக் கொடியும் பெரும்பாலும் தேவைப்படாது. சிஸ்டம்டி-சாக்கெட்-ஆக்டிவேட் என்ற கருவி யூனிட் கோப்பே இல்லாமல் இந்த நெறிமுறையை அப்படியே நடித்துக் காட்டும்: கேட்க வேண்டிய முகவரிகளையும், எஃப்டிநேம் என்ற விருப்பத்தில் பெயர்களையும் கொடுத்தால், முதல் இணைப்பு வந்ததும் நிரலைக் கிளப்பிவிடும். தானியங்கிச் சோதனையில் இதை மூன்று விதமாக ஓட்டுங்கள். முதலில் முகவரிகளையும் பெயர்களையும் ஒன்றாகத் தலைகீழாக்கிக் கொடுங்கள். நிரல் எந்த மாற்றமும் இல்லாமல் நடக்க வேண்டும். பிறகு ஒரே பெயரை இரண்டு முகவரிக்குக் கொடுத்து, இரண்டிலும் பதில் வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக அட்மின் என்ற பெயரில் ஒரு டிசிபி போர்ட்டைக் கொடுங்கள். நிரல் வெளியேற வேண்டும், எந்தப் பெயரில் எந்த வகைச் சாக்கெட் வந்தது என்று பிழைச் செய்தியில் எழுதிவிட்டு.